ரேடியோக்கா பேசாத பதினாலு நாள்

"இன்னையிலேர்ந்து பதினாலு நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னதும், "சரிங்க" என்றாள் அவள்.

"இப்பப் பேசினீங்களே, இதத்தான் கூடாதுங்கறேன்."

"சரி" என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டு, பாதியிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கிசுகிசுப்பாகப் பேசுவதும் கூடாது, அது கத்துவதைவிட மோசம். இருமல் வந்தால் தண்ணீர் குடித்து அடக்க வேண்டும். தூசிப் பக்கமே தலைவைக்கக் கூடாது. ரிசல்ட் வரப் பத்து நாளாகும். "நல்லதா கெட்டதாங்கறது அப்பத்தான் தெரியும். அதுவரைக்கும் எதையாவது கற்பனை பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க" என்று டாக்டரம்மா சொன்ன கையோடு அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டார். கற்பனை பண்ணாமல் இருப்பதற்கு மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

வெளியே நீளப் பெஞ்சின் இந்தக் கோடியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியில் அவள் தம்பி. நடுவில் முன்பின் தெரியாத மூன்று பேர்.

"என்ன சொன்னாங்க?" என்று எழுந்தார் புருஷன்.

"என்னக்கா சொன்னாங்க?" என்று எழுந்தான் தம்பி.

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு நாலு விரலைக் காட்டினாள். இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பதினாலு நாள்தான் உயிரோடு இருப்பாளாம் என்று இருவருமே ஒரே மாதிரி நினைத்துக்கொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வழியாகப் போன நர்ஸ்தான் நின்று விளக்கினாள்.

"பேசவே கூடாதா?" என்று கேட்டார் புருஷன். "இவளா?"

அவளை ரேடியோக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழைய வீடுகளைப் பிரித்து, கதவு, ஜன்னல், உத்தரம், ஓடு, செங்கல், தரைக்கல் என்று தனித்தனியாக எடுத்துவந்து விற்பது அந்தக் குடும்பத்தின் தொழில். அவள் புருஷனைக் கடைக்காரர் என்றார்கள். இடிக்கிறவர்கள் வேறு, பிரிக்கிறவர்கள் வேறு. இடிக்கிறவனுக்கு ஒரு மிஷினும் ஒரு பகலும் போதும். பிரிக்கிறவனுக்கு அந்த வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்பது பின்னாலிருந்து தெரிய வேண்டும். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். எந்த ஆணி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்தச் சுவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அவசரப்படாமல், வீட்டுக்கே வலிக்காத மாதிரி கழற்ற வேண்டும். அதில் கடைக்காரரையும் அவர் மச்சானான அவள் தம்பியையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருவரும் ஏழு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதும் கிடையாது.

பேசாமல் எப்படி வேலை நடக்கும்? நடுவில் அவள் நின்றாள்.

"அக்கா, அந்தப் பக்கம் கயித்த இழுத்துக் கட்டச் சொல்லு" என்பான் தம்பி. கடைக்காரர் ஆறடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் காதிலும் விழும். ஆனாலும் அவள் திரும்பி, "ஏங்க, கயித்த இழுத்துக் கட்டணுமாம்" என்பாள். "கட்டி அரை மணி நேரமாச்சு, கண்ணு இருந்தா பாக்கச் சொல்லு" என்பார் அவர். "கட்டியாச்சாம்டா" என்று அவள் தம்பியிடம் சொல்வாள். கண் விஷயம் வழியிலேயே காணாமல் போய்விடும். இப்படித்தான் ஏழு வருஷமாக ஒவ்வொரு சொல்லையும் வாங்கி, அலசிப் பிழிந்து, அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதோடு வாங்க வருகிறவர்கள், கூலியாட்கள், லாரிக்காரர் என்று எல்லோருக்கும் அவள்தான் வாய். செங்கல் தூசிக்கு நடுவில் அவ்வளவு பேசிய தொண்டை, கடைசியில் கரகரத்து, அடைத்து, இங்கே கொண்டுவந்து விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டி டப்பாவும் வாங்கிவந்து கொடுத்தான். நல்ல யோசனைதான். ஆனால் கடைக்காரருக்கு எழுத்து வராது. அடிக்கணக்கு, அங்குலக்கணக்கு, எண்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். எழுத்தை மட்டும் ஏழு வயதில் விட்டவர்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் எழுத வேண்டும், தம்பி படிக்க வேண்டும். தம்பி சிலேட்டை வாங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ராகம் போட்டுப் படிப்பான். கடைக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்காரர் வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"ஒரு வீடு எடுத்திருக்கேன். நாளைக்கே ஆரம்பிக்கணும். ஒம்பது, பத்து நாள்ல காலி பண்ணிக் குடுக்கணும்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய் இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். ரிசல்ட் என்ன வருமோ என்று ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷனுக்கு இப்போதுதான் அவசர வேலை கேட்கிறதாக்கும். கஞ்சிப் பாத்திரத்தின் மூடியை எடுத்து டமாரென்று வைத்தாள். அது போதவில்லை என்று இன்னொரு தடவை எடுத்து வைத்தாள். பிறகு சிலேட்டில் கிறுக்கித் தம்பியிடம் நீட்டினாள்.

"இப்ப எதுக்கு இந்த வேலை? பத்து நாள் பொறுக்கக் கூடாதா?" என்று தம்பி சுவரிடம் படித்தான்.

"வேலைன்னு வந்தா எடுக்கத்தான் வேணும்னு சொல்லு" என்றார் கடைக்காரர் பழக்கதோஷத்தில், அவளைப் பார்த்து.

யார் யாரிடம் சொல்வது?  அப்புறம் கடைக்காரர், "வீடு நல்ல வீடு" என்று முனகிக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டார். அவள் முகத்தை அவர் நேராகப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவளும் போனாள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் கற்பனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், வீட்டின் பின்பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, அவளை உட்கார வைத்தார்கள். கழற்றி வருகிற கீல்களையும் தாழ்ப்பாள்களையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, ஜோடி ஜோடியாகக் கட்டி வைப்பது அவள் வேலை.

முன்பக்கம் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை. பின்பக்கம் முழுக்க ஓட்டுக்கூரை. வீட்டுப் பெரியவர் இறந்து, பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். மாடி அறையில் அவருடைய புத்தகங்கள் இருந்ததால் பூட்டியிருந்தது. மகன் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அதில் கைவைக்க முடியும். அதனால் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் ஓடுகள். மேலிருந்து ஆள் மாற்றி ஆள் கைக்குக் கை இறங்கி வந்தன. ஓடு போன பிறகு அதைத் தாங்கிய ரீப்பர் கட்டைகள், ரீப்பர் போன பிறகு சட்டம். பல வருஷம் இருட்டிலேயே கிடந்த சுவர்களில் வெயில் விழுந்தது. அடுப்புக்கு மேலே புகை படிந்த இடம் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது.

உத்தரத்தை இறக்கும் நாள்தான் வேடிக்கை. அது இருபதடி நீளம், ஒரு யானைக்குட்டி கனம். இரண்டு முனையிலும் கயிறு போட்டு, ஒரே சீராக இறக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கம் சுவரை வாரிக்கொண்டு வரும். இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக அவள் நடுவில் நின்று, "நீங்க விடுங்க, நீ புடிடா, ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று குரல் கொடுப்பாள். இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

 கூலியாட்கள் இவர் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஏ உத்தரமே" என்றான் தம்பி திடீரென்று. "அந்தப் பக்கம் ஒரு சாண் எறங்கு."

கடைக்காரர் ஒரு சாண் கயிறு விட்டார். விட்டுவிட்டு, "உத்தரம் எறங்கிருச்சு. இந்தப் பக்கம்தான் அசையக் காணோம். தூங்குதோ என்னமோ" என்றார் மரத்தைப் பார்த்து.

"உத்தரம் தூங்கல. மெதுவா எறங்கினாத்தான் உத்தரத்துக்கு இடுப்பு உடையாது."

"உத்தரத்துக்கு வாய் ஜாஸ்தி."

"அது உத்தரத்தோட அக்காகிட்டேர்ந்து வந்தது."

கூலியாட்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த ஒருவன் குலுங்கியதில் உத்தரமே குலுங்கியது. "ஏய், சிரிக்காதீங்கடா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மரத்தடியில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாதே என்று தொடையைக் கிள்ளிக்கொண்டாள். உத்தரம் சிராய்ப்பு இல்லாமல் தரைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்த சுவரில் கைவைக்க முடியாது என்று சீக்கிரமே கடைக்குத் திரும்பினார்கள். கடை என்பது ஒரு பெரிய கொட்டகை. பின்னால் அவர்கள் வீடு, மூலையில் தம்பியின் ஒற்றை அறை. விளக்கு வைக்கிற நேரம். டீயும் ரொட்டியும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் தூறல் விழுவது மட்டும் கேட்டது. அவளுக்குக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. வலி ஒன்றும் இல்லை. நாலு நாளில் ரிசல்ட்.

சிலேட்டை எடுத்தாள். எழுதினாள். அழித்தாள். மறுபடியும் எழுதித் தம்பியிடம் கொடுத்தாள்.

தம்பி வாங்கிப் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பினான். படிக்கவில்லை.

கடைக்காரர் காத்திருந்தார். ரொட்டியைக் கீழே வைத்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். அப்புறம் மனைவி முகத்தைப் பார்த்தார். கடைசியில் நேராக மச்சானைப் பார்த்து, "என்ன எழுதியிருக்கா?" என்றார்.

தம்பி சிலேட்டை மார்போடு சாய்த்துக்கொண்டான்.

"என்ன மாப்ளே எழுதியிருக்கா? சொல்லேன்."

ஏழு வருஷத்தில் அந்த 'மாப்ளே' அந்தக் கொட்டகையில் கேட்டதில்லை. 

"டீல சக்கரை கம்மியாம்" என்றான் தம்பி. விரலால் சிலேட்டை அழித்துவிட்டான்.

அவள் டீயே குடிக்கவில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும். அவர் எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.  பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தரையை வெறித்துக்கொண்டு, "எனக்கும் அதேதான்" என்றார்.

'பயமா இருக்கு' என்றுதான் அவள் எழுதியிருந்தாள்.

 ஆனால் அவளுக்கு வேறு ஒரு பயம் உள்ளே கிடந்தது. அது சிலேட்டில் எழுதக்கூடியதாக இல்லை.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் வீட்டுப் பெரியவரின் மகன் வந்து, புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்காரர் சாவியை வாங்கி மச்சானிடம் நீட்டினார். "நீயே போய்த் திற" என்றார். தம்பி கடப்பாரையும் உளியும் எடுத்துக்கொண்டு மேலே போனான். கடைக்காரர் படிக்கட்டின் கீழேயே நின்றார். முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்கிறவர் மாதிரி நிற்கிறாரே என்று அவள் நினைத்தாள்.

மேலே சத்தமே இல்லை. உளிச் சத்தம் இல்லை, சுத்தியல் சத்தம் இல்லை. கால் மணி நேரம் போயிற்று. கடைக்காரரும் மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கூலியாள் ஒருவன் இறங்கித் தெருவைக் கடந்து ஓடி வந்தான்.

"ரேடியோக்கா, ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசிக்கிறாங்க. எனக்கு ஒதறுது. சீக்கிரம் வாங்க."

அவள் முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினாள். தூசியாவது மண்ணாவது.

அறை வாசலில் ஒரு நிலைக்கதவு. உள்ளே இரண்டு ஜன்னல். பார்த்ததும் அது எந்த நிலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிலையின் இடது காலில், அடியில், உளுத்த இடத்தை வெட்டியெடுத்து வேறு மரத்தில் ஒட்டு வைத்திருந்தது. வெளிர் மரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி போல. அந்த ஒட்டைத் தம்பி வைக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்திருக்கிறாள்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்ட வேண்டுமென்று அவன் நாலு வருஷமாகச் சேர்த்தான். பிரிக்கிற வீட்டிலெல்லாம் கூலியில் கழித்துக்கொண்டு ஏதாவது ஒன்று எடுத்துவருவான். ஒரு வீட்டில் நிலை, ஒரு வீட்டில் கதவு, இன்னொன்றில் ஜோடி ஜன்னல். கொட்டகையின் பின்மூலையில் வைத்து, இழைத்து, பாலீஷ் போட்டு, துணி மூடி வைத்திருந்தான். அந்தப் பெண் தையல் கடையில் வேலை பார்த்தவள். ஒருநாள் வந்து ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு நான் திரை தைக்கிறேன்" என்றாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தம்பி யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் எங்கோ போய்விட்டு வந்தான். வந்து பார்த்தபோது பின்மூலை காலியாக இருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கு விற்றிருந்தார். யாருக்கு என்று தம்பி கேட்கவில்லை. அதற்கப்புறம் அவரிடம் எதையுமே கேட்கவில்லை.

"இங்கதான் வித்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் இப்போது.

"ஆமா."

"தெரிஞ்சேதான் இந்த வேலைய எடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன். வீட்ட இடிக்கப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. மிஷின் வந்தா ஒரே தட்டு, அத்தனையும் வெறகு. அதான் ஓடினேன். அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உன்னுது. அதுக்குத்தான்."

"இன்னைக்கு என்னுதுன்னு தெரியுது. அன்னைக்கு யாருதுன்னு வித்தீங்க?"

"நீ திரும்பி வந்து அதப் பாத்துக் குமுறக் கூடாதுன்னு வித்தேன்யா. அந்தப் பொண்ணு தொட்ட ஜன்னல். தெனமும் அது முன்னாடி போய் உக்காந்துக்குவியோன்னு எனக்குப் பயம்."

"உக்காந்துட்டுப் போறேன்! உக்காந்தா உங்களுக்கென்ன? பொண்ணுதான் போச்சு, வச்சு அழறதுக்கு ஒரு சாமானாவது வேணாமா எனக்கு? வந்து பாத்தா தரையக் கூட்டிச் சுத்தமா வச்சிருக்கீங்க. நான்னு ஒருத்தன் வீடு கட்ட நெனச்சதே இல்லாத மாதிரி!"

"முட்டாப்பய நான். போதுமா?"

"ஆமா, முட்டாள்தான். நாலு வருஷம் இழைச்சவன ஒரு வார்த்தை கேக்கத் தெரியாத முட்டாள்."

அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். இதில் ஒரு சொல்லைக்கூட அவள் இப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. மூச்சு மட்டும்தான் வாங்கியது.

"அதான் அந்த வருஷமே சொன்னேனே, தப்புப் பண்ணிட்டேன்னு" என்றார் கடைக்காரர். "நீதான் பதிலே சொல்லல. சரி, மன்னிக்க மனசில்லை போலன்னு நானும் விட்டுட்டேன்."

"யாரு சொன்னா? யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க அக்காகிட்டதான் சொல்லி அனுப்பினேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிலேட்டு மரத்தடியில் கிடந்தது. தம்பியின் காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை அவள் எடுத்தாள். நிலைகளுக்கு எண் போடுகிற சாக்குக்கட்டி. புத்தக அலமாரி நின்ற இடத்தில் சுவர் வெள்ளையடிக்காமல் மங்கிக் கிடந்தது. அதில் எழுதினாள். சுவரின் சொரசொரப்பில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"படி மாப்ளே" என்றார் கடைக்காரர்.

தம்பி படித்தான். இந்தத் தடவை ராகம் இல்லை.

"'சொன்னார். நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. நீ கேட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்லலன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன்.'"

கடைக்காரர் மெல்ல ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார். "சொல்லவே இல்லையா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் கேட்பது போலக் கேட்டார். "ஏழு வருஷம் ஆச்சேடி."

அவள் இன்னும் எழுதப் போனாள். தம்பி அவள் கையிலிருந்து சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டான். படியிறங்கிப் போனான். தெருவில் அவன் தலை திரும்பாமல் போவதை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். அன்றைக்கு அவன் சாப்பிட வரவில்லை.

இதுதான் அவள் சிலேட்டில் எழுத முடியாமல் வைத்திருந்த பயம். அன்று புருஷன் சொல்லியனுப்பியதைக் கொண்டுபோய்ச் சொல்லத்தான் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். பல மாசம் கழித்து முதல் சிரிப்பு. இப்போது போய் அந்தப் பேச்சை எடுப்பதா என்று திரும்பி வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். நாளை போய் மறுநாள், மாசம், வருஷம். தள்ளிப்போடப் போட வாய் வரவில்லை. அப்புறம், இதையும் மறைப்பானேன், நடுவில் நிற்பது அவளுக்குப் பிடித்தும் போயிற்று. இருவருமே எல்லாவற்றுக்கும் அவளிடம்தானே வந்தார்கள். நாளைக்கு டாக்டரம்மா கெட்டதாக ஏதாவது சொல்லிவிட்டால், அந்தப் பொய்யையும் எடுத்துக்கொண்டல்லவா போக வேண்டும்? அதனால் எழுதிவிட்டாள். எழுதியதால் தம்பியை இழந்துவிட்டோமோ என்று இப்போது நினைத்தாள்.

வீட்டில் கடைக்காரர் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். "குடி. கோவமெல்லாம் அப்புறம் படலாம், நாளைக்கு ஒரு வேலை இருக்கு" என்றார். அவள் அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். "சரி, சரி" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை தம்பியின் அறை பூட்டியிருந்தது. இருவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கடைக்காரர் வழியில் ஒரு பொட்டலம் பன் வாங்கிக்கொண்டார்.

அதே நீளப் பெஞ்ச். அதில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"டோக்கன் வாங்கிட்டேன் மாமா" என்றான். "ஏழாம் நம்பர்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். தம்பி கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டான். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு நடுவில் இடம் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். அதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. சாதாரணக் கட்டிதான்."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?" என்றான் தம்பி.

"இல்ல."

"திரும்ப வராதுங்களே?"

"தூசியில நின்னு கத்தாம இருந்தா வராது."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"அதத்தான முதல்ல கேட்டீங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். "குரல் மட்டும் பழைய மாதிரி முழுசா வராது. கொஞ்சம் கரகரப்பு நிக்கும். இன்னும் நாலு நாள் வாயத் திறக்காதீங்க."

கடைக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆள், எல்லோரும் பார்க்க அழுதார். தம்பிதான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

வாசலில் கடைக்காரர் முகம் கழுவப் போனபோது, தம்பி சிலேட்டை அவளிடம் கொடுத்தான்.

"ஏன்க்கா சொல்லல?"

அவள் வெகுநேரம் யோசித்து எழுதினாள். 'அன்னைக்குத்தான் நீ சிரிச்ச.'

அவன் படித்தான். படித்துக்கொண்டே நின்றான். "அதுக்காக இத்தனை வருஷமா?" என்றான். "லூசு அக்கா." அவள் கண்ணைத் துடைக்கப் போக, அவன் தன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

கடைக்காரர் ஈரமுகத்தோடு வந்தார். "என்ன எழுதியிருக்கா?"

"அது எனக்கு எழுதினது மாமா."

"சரி, சரி" என்றார் அவர். முகத்தில் கொஞ்சம் பொறாமைகூடத் தெரிந்தது.

மாடி அறையைப் பிரிக்க அவர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். நிலைக்குக் குறுக்கே ரீப்பர் அடித்து மூலை விலகாமல் கட்டி, சுற்றியிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். பேசாத ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். முக்கால்வாசி சண்டைதான். உளியை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு ஒரு சண்டை, யார் கை நடுங்குகிறது என்பதற்கு ஒரு சண்டை. மரத்தடியில் அவளுக்கு அலசவும் பிழியவும் ஒன்றும் இல்லை. முதல் நாள் கை பரபரத்தது. இரண்டாம் நாள் கீல்களைத் துடைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

பதினாலு நாளும் முடிந்து, பதினைந்தாம் நாள் காலையில் கடைக்கு ஒருவர் வந்தார். புதிதாக வீடு கட்டுகிறாராம். சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பின்மூலையில் அந்த நிலைக்கதவின் முன்னால் நின்றுவிட்டார். ஒட்டு வைத்திருந்த இடத்தைக் குனிந்து தடவினார்.

"யாரோ ரசிச்சுப் பண்ணியிருக்காங்க. இது என்ன விலை?"

"விக்கிறதுக்கில்ல" என்றார் கடைக்காரர் இந்தப் பக்கத்திலிருந்து.

"விக்கிறதுதான்" என்றான் தம்பி அந்தப் பக்கத்திலிருந்து.

வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது உன்னுது மாப்ளே. நாளைக்கு ஒரு வீடு கட்டுவ."

"கட்டுறப்ப வேற இழைச்சுக்கறேன். கை என்கிட்டதான இருக்கு. பூட்டி வைக்கிறதுக்கா மாமா இத்தனை பாடுபட்டுக் கழட்டினோம்? கதவுன்னா ஆளுங்க போய் வரணும்."

"ஒருதரம் உன்னைக் கேக்காம வித்துட்டு நான் பட்டது போதும். என் கையால இன்னொரு தரம் இத விக்க மாட்டேன்."

"அப்ப நான் விக்கிறேன்."

"நீ யாருடா என் கடையில விக்கிறதுக்கு?"

"என் கதவ நான் விக்கக் கூடாதா?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சொல்லுடி!"

"நீயே சொல்லுக்கா!"

அவள் இருவரையும் பார்த்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"அதான் இன்னையிலேர்ந்து பேசலாமே!" என்றார் கடைக்காரர்.

அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். வந்தவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள். இது இப்போதைக்கு முடிகிற சண்டை இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, நாலு பேருக்கு டீத்தண்ணீர் வைத்தாள்.